தனித் துண்டு

செப்டம்பர் 27

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். போனை எடுக்காதவர்கள் எல்லாம் நலமாகத்தான் இருக்கிறார்கள். பதினோரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். அதற்கு மேல் மானம் இடம் கொடுக்கவில்லை, பேனாவை எடுத்துவிட்டேன். நமக்கு இதுவும் புதிதில்லை. சின்ன வயதில் சண்டை போட்டால் காகிதத்தில் எழுதித் தலையணைக்கடியில் வைப்போமே, அது போல வைத்துக்கொள்.

நீ போய் நாலு மாதம் ஆகிவிட்டது. திரை தைக்கிற வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. குளிர் வரப்போகிறது என்றால்தான் ஊரில் எல்லோருக்கும் தங்கள் வீட்டில் ஜன்னல் இருப்பதே ஞாபகம் வரும். ஒரு பள்ளிக்கூட அரங்கத்துக்கு மட்டும் நாற்பது திரை. தைப்பதும் நானே, இஸ்திரி போடுவதும் நானே. நான் போட்ட மடிப்பைப் பார்த்துவிட்டு ஒரு வாடிக்கைக்காரர், "உங்க தங்கச்சி ஊர்ல இல்லையா?" என்று கேட்டேவிட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும் பார்.

உன் தும்மல், அரிப்பெல்லாம் எப்படி இருக்கிறது? அங்கே இஸ்திரி மேசை கிடையாதே, தானாகவே நின்றிருக்கும். கோபப்படாதே, விளையாட்டுக்குச் சொன்னேன்.

உன் மாடி அறையை வாண்டுக்குக் கொடுக்கப் போகிறேன். ஏழு வயதாகிறது, இன்னும் எங்கள் நடுவில் உருண்டுகொண்டிருக்கிறாள். வெயில் படும் அறை, உன் கட்டிலும் சும்மாதான் கிடக்கிறது. இஸ்திரி மேசையும் துணி மூட்டைகளும் அங்கேயே ஓரமாக இருக்கும். மாமா லாரியில் லோடு ஏற்றிப் போயிருக்கிறார், வர பத்து நாள் ஆகும்.

ஒரு வரியாவது எழுது.

அன்புடன்,
அக்கா


அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் போனை எடுக்காததற்கு ஒரே காரணம்தான். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் இதைக் கடைசி வரை படிக்க வேண்டும்.

இங்கே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி, எள்ளு மாதிரித் திருகாணி முடுக்க வேண்டும். கையில் தடிப்பு ஒன்றும் இல்லை. நாலு மாதத்தில் ஒரு தடவைகூடக் கண் சிவக்கவில்லை.

ஒரு தோல் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். இரண்டு வருடக் கதையையும் சொன்னேன். "வேலை செய்யற ரூம்ல என்னென்ன இருக்கும்?" என்றார். துணி, நூல், இஸ்திரிப் பெட்டி என்று சொல்லிக்கொண்டே வந்து, "குளிர் சமயத்துல பழுப்பா ஒரு பூச்சி வரும் டாக்டர், கேடயம் மாதிரி முதுகு, நசுங்கினா நாறும்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த நாற்றப் பூச்சிதான் அக்கா. அது கடிக்காது, கொட்டாது. வெளியே குளிர ஆரம்பித்ததும் கதகதப்புக்காக ஜன்னல் சந்து வழியாக உள்ளே வந்து, திரை மடிப்பில் ஒளிந்துகொள்ளும், கோடை வந்தாலும் சீக்கிரம் போகாது. பயந்தாலோ நசுங்கினாலோ ஒரு நீரைக் கக்கும். பலருக்கு அது வெறும் நாற்றம். சிலருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாது. மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், பட்ட இடம் தடித்துச் சிவக்கும். நாம் என்ன செய்தோம் என்று யோசித்துப் பார். மடிப்புக்குள் பூச்சி இருப்பது தெரியாமல் அதன்மேல் நான் ஆவி இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினேன். ஆவியோடு அது நேரே என் முகத்துக்கு வந்தது. நாறுகிறது என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். நீ எட்டிப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் நாறலையே" என்பாய். வருடம் பூராவும் அடைத்த மூக்கை வைத்துக்கொண்டு எனக்குத் தீர்ப்பு சொன்னாய்.

அது போகட்டும். வாண்டை அந்த அறையில் படுக்க வைக்காதே. சளி பிடித்தாலே அவள் நெஞ்சில் விசில் கேட்கும். முதலில் ஜன்னல் சட்டத்தைச் சுற்றியுள்ள சந்துகளையெல்லாம் அடை. கிழிந்த வலையை மாற்று. திரைகளை வெளியே கொண்டுபோய் உதறின பிறகுதான் இஸ்திரி. பூச்சியைக் கண்டால் செருப்பைத் தூக்காதே. வாயகன்ற பாட்டிலில் சோப்புத் தண்ணீர் வைத்து அதில் தள்ளிவிடு. வேக்குவம் கிளீனரில் இழுத்தால் பையை உடனே வெளியே கொண்டுபோய்க் கொட்டு. கை பட்டால் சோப்புப் போட்டுக் கழுவு, கழுவாமல் கண்ணைத் தொடாதே.

வாண்டுக்கு என் முத்தம்.

சின்னவள்


அக்டோபர் 29

அன்புள்ள சின்னவளுக்கு,

வாண்டு நன்றாக இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே எழுத என்னால் முடியாது.

உன் கடிதம் வந்த அன்றே படித்தேன். படித்தபோது கோபம்தான் வந்தது. டாக்டரிடம் போய் என்மேல் புகார் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய் என்று பட்டது. தையல் மெஷினின் இடதுகால் ஆடிக்கொண்டிருந்தது. உன் கடிதத்தை நாலாக மடித்து அதற்கு முட்டுக் கொடுத்தேன். ஆட்டம் நின்றது. அதன்மேல் உட்கார்ந்து பதினேழு திரை தைத்தேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

வாண்டை மாடி அறைக்கு அனுப்பினேன். அங்கே அவள் அந்தப் பூச்சிகளைப் பிடித்துப் பென்சில் டப்பாவில் போட்டு வளர்த்திருக்கிறாள். "கேடயக்காரங்க" என்று பெயர் வேறு. டப்பாவைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் கட்டிலில் குதித்துக்கொண்டிருக்கிறாள், நான் பக்கத்திலேயே இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறேன். டப்பா உடைந்தது. கையால் எல்லாவற்றையும் அள்ளியிருக்கிறாள், அதே கையால் கண்ணைத் தேய்த்திருக்கிறாள்.

"அம்மா, கண்ணு அரிக்குது" என்றாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தேய்க்காதடி, சரியாயிடும்" என்றேன். உனக்குச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிய வார்த்தை. திரும்பியபோது முகமெல்லாம் தடிப்பு. கீழுதடு வீங்கியிருந்தது. நெஞ்சில் விசில். அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன்தான் எங்களை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

ஊசி போட்டார்கள். மூக்கில் குழாய் வைத்து ஆவி மருந்து கொடுத்தார்கள். அவள் மூச்சு சீரானதும் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"வீட்டுல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா?"

"என் தங்கச்சிக்கு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா என்ன பண்ணீங்க?"

சின்னவளே, வாண்டைப் பார்த்துக்கொள்ளும்படி எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன்.

மாமாவுக்குப் போன் பண்ணிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். மெஷினைத் தூக்கி உன் கடிதத்தை எடுத்தேன். எண்ணெய்க் கறை, மடிப்பில் கிழிசல். திரும்பிப் போய் அதைத்தான் டாக்டரம்மாவிடம் நீட்டினேன். முழுதும் படித்துவிட்டு, "எழுதினவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க. இதை எப்ப படிச்சீங்க?" என்றாள். மூன்று வாரம் ஆகிறது என்று சொல்ல நாக்கு எழவில்லை. "இன்னிக்குத்தான்" என்று பொய் சொன்னேன்.

உன்னை நம்ப எனக்கு இரண்டு வருடம் போதவில்லை. என் மகளை நம்பப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. "இஸ்திரி போட வலிக்குது, அதான் நடிக்கிறே" என்று உன்னை எத்தனை தடவை சொன்னேன்? கடைசியாகச் சொன்ன அன்றுதானே பெட்டியை எடுத்தாய். என்னை மன்னித்துவிடு.

அக்கா


நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைக் கடையிலேயே பிரித்துவிட்டேன். முதல் வரியை நாலு தடவை படித்த பிறகுதான் மேலே போனேன். முதலாளி நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

வாண்டுக்கு இரவில் இருமல் இருக்கிறதா? டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மருந்தைப் பள்ளிக்கூடப் பையிலும் ஒன்று வை. டீச்சரிடம் நேரில் போய்ச் சொல். இனி எப்போதாவது உதடோ நாக்கோ வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும், "சரியாயிடும்" என்ற வார்த்தையே அந்த வீட்டில் வரக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. கேடயக்காரர்களைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளச் சொல், தொட வேண்டாம் என்று சித்தி சொன்னதாகச் சொல்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். கொடுப்பதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். இங்கே வந்த நாளிலிருந்து இதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

குளியலறைக் கொடியில் உன் துண்டு, மாமா துண்டு, வாண்டின் துண்டு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். போன வருடம் ஒருநாள் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடித்தாய். அதில் என் துண்டை மாட்டினாய். எனக்கென்று சோப்பும் தனியாக வந்தது. நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாண்டு என் மடியில் உட்கார வந்தால், "வீட்டுப்பாடம் முடிச்சியா?" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பாய். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அவ்வளவு வீட்டுப்பாடம்.

நான் நடிக்கிறேன் என்று சொன்னவள் எதற்கு ஆணி அடித்தாய்? நடிப்பு, துண்டு வழியாகத் தொற்றுமா அக்கா?

சின்னவள்


நவம்பர் 19

சின்னவளுக்கு,

நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். எல்லாவற்றிலும் நான் நல்லவளாக இருந்தேன். இது ஐந்தாவது.

நான் உன்னை நம்பினேன். போன கடிதத்தில் நம்பவில்லை என்று எழுதியது பொய். உன் மணிக்கட்டில் முதல் தடிப்பைப் பார்த்த அன்றே இது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். என்னவென்றுதான் தெரியாது. வாண்டுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம் வந்தது, ஆணி அடித்தேன். ஆனால் நம்புகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் அடுத்த நிமிடமே உன்னை இஸ்திரி மேசையிலிருந்து எழுப்ப வேண்டும், டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். எழுப்பினால் திரை யார் முடிப்பது? நடிப்பு என்று சொன்னால் நீ ரோஷத்துக்காவது எழுந்திருக்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். அந்த ரோஷத்தை வைத்துத்தான் இரண்டு வருடம் உன்னிடம் வேலை வாங்கினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பச்சைத் திரை வாங்க வந்த அந்த அம்மா உன் கையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். "அவளுக்குத் தோல் வியாதிங்க, நம்ம துணியைத் தொட விடறதில்லை" என்றேன். நீ மாடியில் அவளுடைய திரைக்குத்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். உன்னிடம் நடிப்பு, ஊரிடம் வியாதி. இரண்டு பக்கமும் எனக்கு வசதியாக இருந்தது. எழுதும்போதே கூசுகிறது.

மாடி அறையைக் காலி பண்ணிவிட்டேன். இஸ்திரி மேசை இப்போது பின்கட்டில், காற்றோட்டத்தில். ஒவ்வொரு திரையையும் முற்றத்தில் உதறி, மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்துத்தான் பெட்டியை வைக்கிறேன். ஜன்னல் சந்துகளை நானே ஏணி போட்டு ஏறிப் பசை வைத்து அடைத்தேன், கதவுக்கடியில் ரப்பர் பட்டை ஒட்டினேன், புது வலை போட்டேன். கையுறை இல்லாமல் அந்த அறையில் எதையும் தொடுவதில்லை. சோப்புத் தண்ணீர் பாட்டிலுக்கு வாண்டுதான் அதிகாரி. நாலடி தள்ளி நின்றுகொண்டு, "அதோ ஒருத்தன், பிடிம்மா!" என்று என்னை விரட்டுகிறாள். முதல் நாள் பதினான்கு. இந்த வாரம் ஒன்றுதான். பள்ளிக்கூடத் திரை இன்னும் முடியவில்லை. தாமதமாகத்தான் வரும் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் சரி என்றார்கள். இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது சின்னவளே. இரண்டு வருடமாக நான் கேட்டே பார்க்கவில்லை.

அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டேன். சுவரில் ஓட்டை இருக்கிறது. வீட்டில் எல்லா ஓட்டையையும் அடைத்தவள் அதை மட்டும் அடைக்கவில்லை. தினமும் பல் தேய்க்கும்போது பார்க்கிறேன்.

வா என்று கூப்பிட எனக்கு முகம் இல்லை. வாண்டு தினமும் கேட்கிறாள் என்று மட்டும் எழுதுகிறேன். அது நிஜம்.

அக்கா


நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

பச்சைத் திரை அம்மா விஷயம் எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் ஒருநாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனாள். கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது புரிகிறது. இரண்டு நாள் உன்மேல் அடங்காத கோபம் இருந்தது. இன்னும் மொத்தமாகப் போய்விடவில்லை, போய்விட்டது என்று எழுதினால் நானும் வசதிக்குப் பேசுகிறவள் ஆகிவிடுவேன்.

ஆனால் அந்த ஐந்தாவது கடிதத்தை நீ கிழிக்கவில்லை. அதையும் பலமுறை நினைத்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். இரண்டு நாள் இருப்பேன், திங்கட்கிழமை கடைக்குத் திரும்ப வேண்டும். இஸ்திரிப் பெட்டியைத் தொட மாட்டேன். வாண்டு என் மடியில் உட்காருவாள், வீட்டுப்பாடம் பற்றி யாரும் பேசக் கூடாது.

பெட்டியில் மாற்றுத் துணி இரண்டு, வாண்டுக்கு ஒரு பூதக்கண்ணாடி, கேடயக்காரர்களைத் தள்ளி நின்று பார்க்க. துண்டு எடுத்து வரவில்லை. குளித்துவிட்டு உன்னுடையதில்தான் துடைத்துக்கொள்வேன்.

சின்னவள்