அண்ணன் தர வேண்டிய வாக்குமூலம்

14.11.83, திங்கள்

காலையிலிருந்து தூறல். போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. கடையில் ஒரு பம்புசெட் மோட்டார், உள்ளே கம்பிச் சுருள் கருகியது. பிரித்துப் போட்டேன். ஈரத்தில் வார்னிஷ் காயவே மாட்டேன் என்கிறது.

லைன் வயரில் விரல் பட்டுவிட்டது. கை உதறியது. பயமோ கோபமோ வரவில்லை. மெயினை அணைத்துவிட்டு மறுபடி வேலை.

சாயங்காலத் தபாலில் கார்டு. மதுரை வேலைவாய்ப்பு ஆபீசிலிருந்து. வயர்மேன் வேலை, கலப்புத் திருமண முன்னுரிமையில் என் பெயர். 25ஆம் தேதி சான்றிதழ் சரிபார்ப்பு. கடை முதலாளி அண்ணாச்சி சத்தமாக வாசித்தார். "எலே, யோகக்காரன்டா நீ." பிறகு ஞாபகம் வந்துவிட்டது. கார்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ சொல்லப் போனார்.

என் பெண்டாட்டி ச. காமாலையில் போய் இரண்டு மாதம். பெயரை முழுசாக எழுதக் கை வரவில்லை. முன்னுரிமையைப் பதியச் சொன்னதே அவள்தான். எனக்குக் கூச்சம். சர்க்கார் வேலைக்காகத்தான் சாதி விட்டுக் கட்டினான் என்பார்களே. அவள் சொன்னது: "கட்டுனதுக்கு ஊரே காறித் துப்பிருச்சு. சர்க்காரு ஒண்ணுதேன் நல்லாருங்கன்னு சொல்லுது. அதையும் வேணாங்கணுமாக்கும்?"

வாங்க: மண்ணெண்ணெய், சோப்பு, தீப்பெட்டி.

சோறு இறங்கவில்லை. தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன்.

16.11.83, புதன்

வெயில் லேசாக. அண்ணன் கடைக்கு வந்தான். நான் கல்யாணம் பண்ணியதிலிருந்து இந்தத் தெருவுக்கே வராதவன். செய்தி அண்ணாச்சி வாயிலிருந்து எங்கள் ஊர் ராசிங்காபுரம் வரை போயிருக்கிறது.

"கவர்மெண்டு வேலையாம்ல. பென்சன் எல்லாம் உண்டாம்ல."

"கார்டுதான் வந்திருக்கு. இன்னும் ஒண்ணும் இல்ல."

"வரும்டா. வந்தா பொட்டிபுரத்துக்காரக வெரசா முடிச்சிருவாக."

பொட்டிபுரத்தில் எனக்குப் பெண் பேசியிருக்கிறார்கள். எனக்கே தெரியாமல். எனக்கு முன்னால் ஒருத்தி இருந்தது அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

அண்ணன் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "போடியில ஒரு பிள்ளையோட பழக்கம், அது முடிஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்கு. கல்யாணம்னுலாம் சொல்லல."

பழக்கம். பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டு மூன்று வருசம் ஒரே அறையில் இருந்தோம். என் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவள் பிறந்த மலையில் அவளை அடக்கம் பண்ணினபோதும் வரவில்லை.

திட்டத் தோன்றவில்லை. மோட்டார் ஸ்டேட்டரில் இன்சுலேசன் காகிதம் செருகிக்கொண்டே இருந்தேன்.

17.11.83, வியாழன்

தாலுகா ஆபீஸ். தாசில்தார் சான்றிதழ் கட்டாயமாம். ஆர்.ஐ.யிடம், ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடம், அனுப்பினார்கள். கண்ணாடி போட்ட மனிதர், வெற்றிலை வாய்.

"பொண்டாட்டிய கூட்டிட்டு வாய்யா."

இறந்துவிட்டாள் என்றேன். மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அப்போ ரெண்டு வாக்குமூலம் வேணும். அவ பக்கத்துல ஒண்ணு, உம் பக்கத்துல ஒண்ணு. ரத்த சொந்தமா இருக்கணும். இந்தக் கல்யாணம் நெசமா நடந்துச்சுன்னு எம் முன்னால சொல்லணும். சலுகைக்காகப் பொய்க் கல்யாணம் காட்டுறவனும் இருக்கான்ல."

அவள் இல்லாதபோது முன்னுரிமை செல்லுமா என்று கேட்டேன். அது மதுரையில் கேட்க வேண்டியது என்றார்.

என் பக்கம் ரத்த சொந்தம் என்றால் ஆத்தாவும் அண்ணனும்தான். ஆத்தா ஆபீஸ் படி ஏறமாட்டாள்.

18.11.83, வெள்ளி

ராசிங்காபுரம் போனேன். மழை. விசயத்தைச் சொன்னேன். அண்ணன் முகம் செத்துவிட்டது. பொட்டிபுரத்துப் பெண்ணின் தாய்மாமன் அதே தாலுகா ஆபீசில் பியூனாம்.

"வேற வழியில முன்னுரிமை இல்லையாடா? பொண்டாட்டி செத்தவனுக்குன்னு எதுவும்?"

"புருசன் செத்தவளுக்கு உண்டு. எனக்கு இல்ல."

"இது என்னடா நாயம்."

ஆத்தா அடுப்படியிலிருந்தே: "சர்க்காரு சம்பளக்காரனுக்குப் பொட்டிபுரத்தில மட்டுந்தேன் பொண்ணு இருக்கா? போய்ச் சொல்லிட்டு வாடா. வாயி தேஞ்சா போகும்."

எப்போது வரவேண்டும் என்று மட்டும் அண்ணன் கேட்டான். எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. வேலை வேண்டும் என்றால் இவன் வாய் திறக்க வேண்டும். வேலையை விட அதுதான் எனக்கு வேண்டியிருக்கிறது என்று பஸ்சில் வரும்போது தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

20.11.83, ஞாயிறு

ஜீப்பில் மலைக்கு. ஏலக்காய் பறிப்பு நடக்கிறது. ஞாயிறு என்பதால் மாமா, ச.வின் அப்பா, எஸ்டேட் லயத்து வீட்டில் இருந்தார். பால் இல்லாத கட்டஞ்சாயா கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"இங்கயும் பேசுறாங்க மாப்ளே. மவளைக் கொடுத்து மருமவனுக்குப் பணி வாங்கிட்டான்னு."

"நான் வேணும்னா விட்டுர்றேன் மாமா."

"பின்னே? எதுக்கு விடணும்? அவ ஆசைப்பட்டுப் பதிஞ்சது." டம்ளரைக் கீழே வைத்தார். "கைநாட்டு வைக்க நான் வர்றேன். உங்க அண்ணன் எம் மவளை என்ன முறை சொல்றாருன்னு நானும் நின்னு கேக்கணும்."

அவளைப் புதைத்த இடத்தில் பனி. நின்றேன். ஒன்றும் வரவில்லை. காலில் அட்டை.

22.11.83, செவ்வாய்

மாமா விடியற்காலை ஜீப்பிலேயே மலையிலிருந்து தாலுகா ஆபீசுக்கு இறங்கிவிட்டார். அண்ணன் வெள்ளை வேட்டி. ஒருவர் வராந்தாவின் இந்தக் கோடி, ஒருவர் அந்தக் கோடி. நடுவில் நான். பொட்டிபுரத்துப் பெண்ணின் தாய்மாமன், அந்தப் பியூன், கதவை ஒட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான்.

முதலில் மாமா. சொன்னார், பெருவிரல் வைத்தார்.

பிறகு அண்ணன். ஆர்.ஐ. கேட்டார்: "இறந்துபோன சரோஜா உமக்கு என்ன உறவு?"

அண்ணன் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தான். "தம்பி கூட இருந்துச்சு."

"கூடன்னா? லாட்ஜிலயா இருந்தாங்க? முறை சொல்லும்யா."

பியூன் செருமினான். மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி பொண்டாட்டி" என்றான் அண்ணன்.

"எழுதுறவருக்குக் கேக்கல" என்றார் ஆர்.ஐ.

"எந் தம்பி பொண்டாட்டி சார். முறையா கட்டுனவ. எழுதிக்கிடுங்க."

கையெழுத்துப் போட்டான். வெளியே வந்ததும் "போதுமாடா?" என்று கேட்டுவிட்டு, மாமாவைப் பார்க்காமல் பஸ்சுக்கு நடந்தான். மாமா வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றார். "கேட்டேன் மாப்ளே" என்றார். அவ்வளவுதான்.

25.11.83, வெள்ளி

மதுரை. காலை ரயில், போகும்போது உட்கார இடம் இல்லை. சான்றிதழ் எல்லாம் சரி என்றார்கள். ஆனால் மனைவி உயிரோடு இல்லாததால் மெட்ராசுக்கு எழுதிக் கேட்க வேண்டுமாம். பதில் வரும் வரை இந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை. அடுத்ததில் பார்க்கலாமாம். எப்போது என்று கேட்டதற்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வரிசையில் பின்னால் நின்ற பையன் தன் பெண்டாட்டியிடம் மெதுவாக, "பாத்தியா, நீ நல்லாருக்கணும்டி எனக்கு" என்றான். அவள் முழங்கையால் இடித்தாள்.

27.11.83, ஞாயிறு

மழை விட்டது. அண்ணன் அறைக்கே வந்தான், முதல் தடவை. வாசலில் செருப்போடு நின்றான். பொட்டிபுரத்தில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். பியூன் அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கிறான்.

"வேலையும் இல்ல, பொண்ணும் இல்ல" என்றான். பிறகு உள்ளே எட்டி, சுவரில் அவள் படத்தைப் பார்த்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வேலைதேன் இல்லைன்னு ஆயிருச்சுல்ல. நான் எழுதிக் கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியுமாடா?"

"முடியாது."

"ஆர்.ஐ.கிட்ட எதுவும் கொடுத்தா?"

"முடியாதுண்ணே. பதிஞ்சாச்சு."

போய்விட்டான். தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரோஜா.

சோறு வடித்தேன். ரசம். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.