கண்ணாடிக் குழாயில் அம்மாவின் இரத்தம்

த்ராங் மாகாணம்

அன்பு மகள் ரின்னுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், இந்தமுறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, பேனாவை அழுத்திப் பிடித்தே எழுதுகிறேன். கொரியாவில் குளிர் தொடங்கியிருக்கும், நீ வேலை செய்கிற காளான் கொட்டகையில் ஈரம் வேறு, காலுறையை இரண்டாகப் போட்டுக்கொள். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள். பயப்படாதே, முடிவு நல்ல முடிவுதான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே, "பெருசா எழுதிப் புள்ளைய மிரட்டாதீங்க" என்று அதட்டிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் காலையில் ரப்பர் பால் எடுக்கப் போன இடத்தில் அம்மாவைக் குழிவிரியன் கடித்துவிட்டது. நம் தோட்டத்துச் சருகுக்குள் சருகாகவே சுருண்டு கிடக்குமே, அதேதான். பூட்ஸ் எங்கே என்று கேட்பாய், கழுவி வேலியில் காயப்போட்டுவிட்டுச் செருப்போடு போயிருக்கிறாள். கடித்ததும் கத்தக்கூட இல்லை, பால் வாளியைக் கவிழாமல் கீழே வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாள், அவள் புத்தி அப்படி. பக்கத்துத் தோட்டத்துப் பிரசித் தன் பக்கவண்டி மோட்டார் சைக்கிளில் எங்களை ஏற்றிக்கொண்டு பறந்தான். வழியெல்லாம் அம்மா, "பாலு வாளியிலயே கட்டிப் போயிடுமே" என்று புலம்பினாள். பால் கட்டியாகிவிடும் என்று கவலைப்பட்டவளுக்கு, இரத்தம் கட்டியாகாமல் போனதுதான் பிறகு வந்த வம்பு.

மாவட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னப்பெண், உன் வயதுதான் இருக்கும். அம்மா கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டுக் கட்டிலோரம் நிறுத்தினாள், இருபது நிமிடம் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னால் முடியுமா, நீயே சொல். ரப்பர் பால் உறையத் தட்டில் ஆசிட் ஊற்றிவிட்டு, பிடித்ததா என்று ஆட்டி ஆட்டிப் பார்த்தே பழகின கை. நர்ஸம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் குழாயை எடுத்து நன்றாக ஆட்டிவிட்டேன். அவள் பார்த்துவிட்டாள். "மாமா, இதென்ன உங்க தோட்டத்துப் பாலா? ஆட்டிட்டீங்கன்னா இது எதுக்கும் ஆகாது, அக்கா கையில மறுபடி குத்தணும்" என்று பிடித்து விளாசினாள். மறுபடி குத்தினார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வைக்குப் பாம்பே தேவலை. இரண்டாவது குழாய்க்கு முன்னால் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேரமானதும் டாக்டர் சாய்த்தாள், இரத்தம் தண்ணீராக ஓடியது. ஊசி குத்திய இடம் கசிவது நிற்கவில்லை, ஈறிலும் சிவப்பு.

டாக்டரை விடாமல் விவரம் கேட்டேன். இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளிர்மஞ்சள் நீர்தானாம். அதில் மிதக்கிற சிவப்பணுக்கள் மூச்சுக்காற்றை உடம்பெல்லாம் சுமந்துபோகும், வெள்ளையணுக்கள் உள்ளே வருகிற கிருமிகளோடு சண்டை போடும். தட்டணுக்கள் என்று பொடிப்பொடியாக இன்னொன்று உண்டு, எங்கே கிழிந்தாலும் ஓடிப்போய் ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டையை அடைக்கும், அதன்மேல் மஞ்சள் நீரிலிருந்தே நூல் நூலாக இழை உண்டாகி இறுக்கிக் கட்டும். விரியன் விஷம் அந்த நூல் சரக்கைத் தின்று தீர்த்துவிடுகிறது, தட்டணுக்களையும் குறைத்துவிடுகிறது. "அப்ப கொஞ்சம் ஆசிட் கீசிட்டு..." என்று நான் இழுத்ததும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆசிட் வேணாம் மாமா, நம்மகிட்ட குதிரை இருக்கு" என்றாள். குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷம் ஏற்றிப் பழக்குவார்களாம், அதன் வெள்ளையணுக்கள் விஷத்தை முறிக்கிற சரக்கைச் செய்துவைக்குமாம். பிறகு இரத்தம் எடுத்து, மருந்துக்கு மஞ்சள் நீரை வைத்துக்கொண்டு, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பி ஏற்றிவிடுவார்களாம். எவ்வளவு நியாயமான ஏற்பாடு பார்.

அந்த மருந்து ஏறியது. சாயங்காலம் வைத்த குழாயிலும் இரத்தம் ஓடியது. அப்போதுதான் அம்மா என் சட்டையைப் பிடித்து, "ரின்னுக்கு இப்பச் சொல்லாதீங்க, கட்டினப்புறம் சொல்லுங்க" என்றாள். மருந்தை இன்னொரு முறை ஏற்றினார்கள். மறுநாள் காலை புதுக்குழாய் வைத்து, நேரமானதும் நர்ஸம்மா என்னைக் கூப்பிட்டு, "இப்ப ஆட்டுங்க மாமா, ஆசை தீர" என்றாள். பயந்து பயந்து சாய்த்தேன், பிறகு தலைகீழாகவே கவிழ்த்தேன். விழவில்லை! கருஞ்சிவப்பாக, கட்டியாக, அடியிலேயே உட்கார்ந்திருந்தது. பிரசித் "கட்டிருச்சு, கட்டிருச்சு" என்று கூவ, வார்டே கைதட்டியது, நான் வாய்விட்டு அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. அம்மா அதற்குள் புளிப்பு மீன் குழம்பு எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டாள்.

இப்போது வீக்கம் வடிந்து வீட்டுக்குள் நடமாடுகிறாள். சந்தையில் அவளைக் குதிரையக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஒரு கட்டுப் புல் தரட்டுமா என்கிறார்கள். "எனக்குச் சோறு போதும், புல்ல எங்க வீட்டுக்காரருக்குக் கட்டுங்க" என்று பதில் வருகிறது. இதைப் படித்துவிட்டு அவசரமாக டிக்கெட் எடுக்காதே, சோங்கிரான் புத்தாண்டுக்கு வருவதாகச் சொன்னாயே, அப்போது வந்தால் போதும். உனக்கு அடிக்கடி தலைசுற்றல் என்றாயே, அங்கே உன் சிவப்பணு எப்படி இருக்கிறது என்று ஒருமுறை சோதித்துக்கொள்.

இன்று காலை மீன் நறுக்கும்போது அம்மா விரலை வெட்டிக்கொண்டாள். நான் துணி தேடி ஓட, "ஓடாதீங்க, இங்க வந்து பாருங்க" என்றாள். இரண்டு பேரும் அடுப்படியில் நின்று அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு வந்தது, இன்னொரு சொட்டு வந்தது, பிறகு தானாகவே நின்றுவிட்டது. அம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். "மத்ததெல்லாம் எழுதாட்டியும் பரவாயில்ல, இத மட்டும் புள்ளைக்கு எழுதிருங்க" என்றாள்.

எழுதிவிட்டேன் மகளே. நாங்கள் துறவிகளுக்குச் சோறிட்ட புண்ணியமெல்லாம் உன் பங்குக்கே வரட்டும், நோய்நொடி இல்லாமல் இரு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே, அம்மா குரலைக் கேட்டு அழுதாயானால் அவளிடம் திட்டு வாங்குவாய்.

உன்னையே நினைத்திருக்கும்
அப்பா சரூன்
(பூண்டு உரித்த கையோடு அம்மா லவோங்கும்)