எட்டரை மணி நாக்கு

நயினார்கோவில்,
தை மாசம் பதினாறு.

அன்பு மக மாரிச்செல்விக்கு அய்யா எழுதுறது. இங்கன நானும் ஒங்கம்மாவும் சொகம், ஆடு ரெண்டு குட்டி போட்டுருக்கு, அதுவும் சொகம். நீ சொகமா இருக்கேன்னு போன்ல சொல்றது பொய்யின்னு தெரிஞ்சுபோச்சு, அதனால அதை நான் கேக்கல. சீனாவுக்குக் கடுதாசி போடணும்னதும் போஸ்டாபீஸ்ல இருக்குற மாலதிப் புள்ள, ஏன் பெருசு வாட்ஸப்பு இல்லையான்னு சிரிச்சா. இருக்கு தாயி, அதுதான் இம்புட்டு வெனைக்கும் காரணம்னு சொன்னேன்.

ஒங்கம்மா ஒன் வாயைக் கிண்டிக் கேட்டதுலதான் எல்லாம் வெளிய வந்துச்சு. காலையில அஞ்சரைக்கு மரத்தடியில நிப்பாட்டி மூச்சு இழுத்து விடப் பழக்குற வகுப்புல நீ நின்ன மேனிக்கே தூங்கி விழுந்தியாம்ல, மொழங்கால்ல சிராய்ப்பாம்ல. ஒங்க வாத்தியாரம்மா நாடி பிடிச்சுப் பாத்துட்டு, ஒன் ஒடம்புலயே தெம்பு இல்ல, நோயாளிக்கு எதைக் குடுப்ப, இப்படியே இருந்தா அடுத்த மாசம் ஊசி குத்துற பயிற்சிக்கு அனுப்ப மாட்டேன்னுட்டாகளாம். நல்ல பொம்பள. ஆனா தெம்பு எங்கன ஒழுகுதுன்னு அவுகளுக்குத் தெரியல. எனக்குத் தெரியும், ஓட்டையைப் போட்டவனே நாந்தான்.

நாக்கைப் பாத்தே ஒடம்புச் சேதி சொல்லுற சீன வைத்தியப் படிப்புன்னு நீ லீவுக்கு வந்தப்ப சொன்னதை ஊர் பூராம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். ஒன் நம்பரை டீக்கடைச் சுவத்துல கரிக்கட்டையால எழுதிப் போட்டதும் நாந்தான். மொளகாக் காட்டுலருந்து வந்து குளிச்சுச் சாப்ட்டு ராத்திரி எட்டரைக்கு வீரையா ஒனக்கு வீடியோவுல நாக்கை நீட்டுவான், பொறகு ஒலகம்மா, பொறகு அவ மருமக. வீரையா நாக்குல என்னத்தத் தெரியும், வெத்தலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போச்சுன்னு தெரியும். இங்க எட்டரைன்னா அங்க பதினொண்ணுன்னு எங்களுக்கு யாரு சொன்னா. நீயும் ஒரு நாளாச்சும் தூக்கம் வருதுன்னு சொன்னியா, கிறுக்கி.

இப்பச் சுவத்துல ஒன் நம்பரை அழிச்சு என் நம்பரைப் போட்டாச்சு. எட்டரைக்கு நாக்கெல்லாம் எனக்குத்தான் வருது. வீரையா பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டே வீடியோவுல நீட்டுறான். நானும் கண்ணாடி போட்டு உத்துப் பாத்து, வெத்தலையக் கொறை, வெரசாப் போய்ப் படுன்னு எல்லாத்துக்கும் ஒரே வைத்தியந்தான். நெசமா நோவுன்னா ஆஸ்பத்திரிக்குப் போன்னு தொரத்திருவேன். பாதிப் பேருக்குத் தேவலையாம், ஒன் பொழப்புல மண்ணு விழுந்துச்சு போ.

இன்னும் ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் பேனாவையே எடுத்தேன். எல்லாரும் முடிச்ச பெறகு கடைசியாக் கூப்புட்டு நாக்கை நீட்டுன ஆளு நாந்தான. நீயும் கொட்டாவிய அடக்கிக்கிட்டு, நல்லாருக்குய்யா, வெள்ளை படியலன்னு தெனமும் சொல்லுவ. எனக்கு ஒரு நோவும் இல்ல தாயி. நாக்கை நீட்டுனாத்தான் நீ மூஞ்சியப் போனுக்குக் கிட்டக்க கொண்டாருவ.

இனி ஞாயித்துக்கெழம பகல்ல மட்டும் கூப்புடுறேன். பயிற்சிக்குப் போயிருவ, நாகநாதசாமி ஒன் பக்கந்தான் இருக்காரு, எங்க ரெண்டு பேரு ஆசீர்வாதமும் ஒனக்குத்தான். சோத்தை நேரத்துக்குத் தின்னு. இதுக்குப் பதில் எழுதாத, எழுதுற நேரம் படுத்துத் தூங்கு.

இப்படிக்கு,
நாக்கு நல்லாருக்குற ஒன் அய்யா,
இருளாண்டி