பைக்குள் சிவப்புத் துணி

அக்கா,

இன்று காலை நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், மேசையருகே கட்டிங் மாஸ்டர் அன்வர் பாய், தையல் மெஷினில் அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வரும் செல்வி, சென்னையில் துணிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா. நாற்காலி முதுகில் உங்கள் வெள்ளைக் குர்தா. அதையும் ஆறாவது ஆளாகத்தான் நான் எண்ணிக்கொண்டேன். மாதிரி காட்டுவதற்காக அதை அலமாரியிலிருந்து எடுத்து உதறியபோது குங்கும வாசனை வந்தது. கோயில் வாசல் பக்கமே போகாதவர் நீங்கள். உங்கள் துணியில் அந்த வாசனை.

மாவட்டம் புதிதாகப் பிரிந்த சமயத்தில், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வேலை கிடைத்து எங்கள் மாடிக்குக் குடி வந்தீர்கள். ஆபீசில் பெண்கள் எல்லாரும் புடவை கட்டிய காலத்தில் சுடிதார் போட்டுப் போனவர் நீங்கள். அதிலும் உங்களுக்கு ஒரு குறை இருந்தது.

"ஆம்பளைங்களுக்கு சட்டையில ஒண்ணு, பேண்ட்டுல மூணு. நமக்கு பஸ் டிக்கெட் வெக்கறதுக்குக்கூட ஜாக்கெட்டுதானா? ஒரு பாக்கெட் வெச்சிக் குடேன்மா."

எனக்கு யாரும் தையல் சொல்லித் தரவில்லை. பழைய ரவிக்கைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். பக்கவாட்டுத் தையலைத் திறந்து, உங்கள் குர்தாவுக்கு ஒரு பை வைத்துக் கொடுத்தேன். கையை அதில் விட்டுக்கொண்டு வாசலில் நடந்து காட்டினீர்கள். என் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, நியூஸ் பேப்பர் துண்டில் மடித்த குங்குமத்தை உங்களிடம் கொடுப்பேன். "உங்க சாமிக்கு என் அட்டெண்டன்ஸ் வேணாம்மா. எனக்கும் சேத்து நீயே கையெழுத்துப் போட்டுட்டு வா" என்பீர்கள். ஆனாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வீர்கள். மறுநாள் கேட்டால், "எங்கயோ வெச்சிட்டேன்" என்பீர்கள்.

ஒரு சித்திரை வெயிலில் அந்தப் பொட்டலம் பைக்குள்ளேயே கொட்டிப்போனது. வேர்வை பட்டு, வெள்ளைத் துணிக்கு வெளியே சிவப்பு ஊறி வந்துவிட்டது. சாயங்காலம் படியேறும்போதே சிரித்துக்கொண்டு வந்தீர்கள்.

"ஆபீசுல இன்னா கூத்து தெரியுமா? ஹெட் கிளார்க் ரத்தம்னு நெனச்சி, ஆட்டோ புடிங்கய்யான்னு கத்தறாரு. சாமி குங்குமம் சார்னா, நீயா குங்குமம் வெச்சிருப்பன்னு நம்பவே மாட்டேன்றாரு."

கறை போகவில்லை. அதற்குப் பதில் புதிதாக வேறொரு வெள்ளைக் குர்தா தைத்தேன். இந்தத் தடவை இரண்டு பக்கமும் பை, பைகளின் உட்புறத்துக்கு அரக்குச் சிவப்பு. குங்குமம் கொட்டினாலும் உள்ளேயே அடங்கிவிடும். அதுதான் இன்று நாற்காலியில் இருந்தது.

அதைப் போட்டுக்கொண்டு ஒரு பௌர்ணமிக்கு நீங்கள் கிரிவலம் போனீர்கள், காலாற நடக்கத்தான் என்று சொல்லிவிட்டு. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வந்திருந்த ஒரு வடநாட்டுப் பெண் உங்களை நிறுத்தி, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். மலை சுற்றுகிறவர்களுக்குக் கையை வீசி நடக்க வேண்டும். விபூதியும் சாவியும் சில்லறையும் எங்கேயாவது இருக்க வேண்டும். அப்படித்தான் நம் தொழில் வந்தது. என் சீட்டுப் பணத்தில் மெஷின் வாங்கினோம். ஒரு தடவை விற்றதில் அடுத்த தடவைக்குத் துணி எடுத்தோம். கடன் என்ற பேச்சே இல்லை. 'உள்சிவப்பு' என்று பெயர் வைத்தவர் நீங்கள். கழுத்துக்குப் பின்னால் தைக்கும் துண்டுத் துணியில் அந்தப் பெயர் முதன்முதலாக அச்சாகி வந்தபோது, நான் அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்தேன். நீங்கள் அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு நின்றீர்கள்.

உங்கள் கேலிக்கு நான் தப்பியதே இல்லை. மலை உச்சியைப் பார்த்துக் கும்பிடாமல் புதுத் துணியில் கத்தரிக்கோல் வைக்க விடமாட்டேன். மேகம் மூடியிருந்தால் மாஸ்டர் டீ குடிக்கப் போய்விடுவார். "உங்க கம்பெனிக்கு மேகம்தாம்மா மேனேஜர்" என்பீர்கள். நூல்கண்டு வரைக்கும் நான் கணக்கு எழுதுவதைப் பார்த்து, "நான் செத்தாக்கூட வரவுல எழுதுவியா, செலவுல எழுதுவியா?" என்று கேட்டீர்கள். வாயைக் கழுவுங்கள் என்றேன்.

நிறத்தில் மட்டும் உங்கள் சொல்தான் கடைசி. எனக்குத் தீராத சந்தேகம் வந்தால், துணித் துண்டுகளை மொட்டைமாடிக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டு இறங்கிவிடுவேன். காலையில் போய்ப் பார்த்தால் ஏதாவது ஒன்றில் ஓர் ஊக்கு மாட்டியிருக்கும். அதுதான் பதில். காரணம் சொல்லும் வழக்கம் உங்களுக்கு இல்லை. ஒரே ஒரு தடவை, வற்புறுத்திக் கேட்டதற்குச் சொன்னீர்கள்: "மலைக்குப் பக்கத்துல வெச்சிப் பாரு. மலைய விட ஜாஸ்தி பேசற கலர் நமக்கு வேணாம்."

போன மார்கழியில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நான் கொடுத்த குங்குமத்தை வாங்கிக்கொண்டு, இந்தக் குர்தாவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினீர்கள். இரண்டு நாளில் வந்துவிடுவதாகச் சொன்னீர்கள். வரவில்லை. உங்கள் தம்பி வந்து மாடியைக் காலி செய்யும்போது, குர்தாவையும் அந்த ஊக்கையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஊக்கை வளையலில் மாட்டிக்கொண்டேன். குர்தாவை மடித்தபடியே வைத்தேன்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். தீபத்துக்கு முன்னால் வரவேண்டிய புதுக் குர்தா வரிசைக்கு, மழை பெய்து ஓய்ந்த மலையின் நிறங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன்: ஈரப் பாறையின் சாம்பல், புதுப் புல்லின் பச்சை. சென்னை அம்மாவுக்கு இரண்டும் பிடித்துவிட்டது. வரிசை முழுவதையும் தன் கடைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நாம் இதுவரை பார்க்காத பெரிய ஆர்டர். ஆனால் ஒரு நிபந்தனை.

"பாக்கெட்டை எடுத்துடுங்க. அது இருந்தா துணி நேரா விழ மாட்டேங்குது. லேடீஸ் எல்லாரும் ஹேண்ட்பேக் வெச்சிருக்காங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "யோசிச்சி சொல்லு" என்றார். அன்வர் பாய், "பை இல்லன்னா எனக்கு வேலை கம்மிதான். ஆனா அப்புறம் உள்சிவப்புன்னு எதைக் காட்றது?" என்றார். செல்வி மெஷினை நிறுத்திவிட்டாள்.

"ஒரு தரம் இதைப் போட்டுப் பாருங்க" என்று உங்கள் குர்தாவை நீட்டினேன். அந்த அம்மா உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து கண்ணாடி முன் நின்றார். பேசிக்கொண்டே இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டார். அவருக்கே தெரியாது. செல்வி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதென்னங்க?" என்று அவர் ஒரு கையை வெளியே எடுத்தார். நியூஸ் பேப்பர் பொட்டலம். வாய் திறந்து, பாதி கொட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று நான் கொடுத்தது. எங்கேயோ வைத்துவிட்டதாகச் சொல்லும் இடம் அதுதான் போலிருக்கிறது, அக்கா.

அவர் பையை வெளியே இழுத்துப் பார்த்தார். உட்துணி முழுக்கக் குங்குமம். வெளியே, வெள்ளையில், ஒரு பொட்டுக் கறை இல்லை.

"பை இருக்கும்ங்க. பையோட வேணும்னா எடுத்துக்கங்க. இல்லன்னா பரவால்ல" என்றேன்.

அவர் பையைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டார். பிறகு, "சரி, பையோடயே அனுப்புங்க. ஆனா கம்மியாதான் எடுப்பேன், வித்தா பாக்கலாம்" என்றார். மிச்சத்தை எப்போதும் போல ஆசிரமத்துப் பக்கம் விற்றுக்கொள்வோம். குர்தாவைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகும்போது விரலில் ஒட்டிய குங்குமத்தைத் துடைக்காமல் நெற்றியில் வைத்துக்கொண்டார். பொட்டலத்தை மடித்துத் திரும்பவும் உங்கள் பையிலேயே போட்டுவிட்டேன். அது உங்களுடையது.

இப்போது ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. கழுத்துப் பட்டிக்கு மாந்தளிர் நிறமா, கத்திரிப்பூ நிறமா? இரண்டையும் கொடியில் தொங்கவிட்டிருக்கிறேன். பின்னால் மலை நன்றாகத் தெரிகிறது. வளையலில் இருந்த ஊக்கைக் கழற்றி இரண்டுக்கும் நடுவில் மாட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் மாஸ்டர் வெட்ட வருவார். அதற்குள் பதில் சொல்லிவிடுங்கள், அக்கா.