மிசின் குளிக்கிறது

ஜனவரி 5, திங்கள்

உறைபனி. பந்தய மைதானம் முழுக்க உப்பைக் கொட்டி வைத்தது போல் வெள்ளை. பைக் சீட்டில் பனி. துடைக்காமல் உட்கார்ந்துவிட்டேன், பேண்ட் ஒட்டிக்கொண்டது. சுமார் அரை மணி நேரம் நானும் பைக்கும் ஓருடல்.

காலை ஒன்பதுக்குள் வந்த போன்கள்: நாற்பது. சாமிக்குப் பயந்து எழுதினால் நான்கு. நான்கும் ஒரே புகார். "ஏனுங்க, வெளிய வெச்ச பெட்டியில இருந்து குபுகுபுன்னு புகை வருதுங்க! உள்ள சூடும் நின்னு போச்சுங்க!"

ஊட்டியில் ஏசி மெக்கானிக் என்றால் கோயமுத்தூரில் சிரிக்கிறார்கள். நடுக்கடலில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவனைப் பார்ப்பது போல் பார்க்கிறார்கள். இந்த நீலகிரிக் குளிரூட்டிப் பேரரசன் மிசின் மாட்டுவது சூட்டுக்காக என்பது அவர்களுக்குத் தெரியாது. வெளிக்காற்றில் மிச்சமிருக்கும் துளிச் சூட்டையும் உறிஞ்சி உள்ளே ஊதும் மிசின். உறிஞ்ச உறிஞ்ச வெளிப்பெட்டியில் பனி படியும். பனி கெட்டியானதும் மிசின் தானே நின்று, வெளிப்பெட்டியைச் சுட வைத்து அதை உருக்கும். அப்போது கிளம்பும் நீராவி பார்ப்பதற்குப் புகை மாதிரியே இருக்கும். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும்.

இத்தனையும் போனில் சொல்ல முடியுமா? அதற்குத்தான் என் வசனம். "மிசின் குளிக்குதுங்க. தலை துவட்டிட்டு அதுவே வந்துரும். பாத்ரூம் கதவத் தட்டாதீங்க." நான்கு பேரும் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். ஒரு வீட்டுக்கும் போக வேண்டியிருக்கவில்லை.

வசனத்தை முதலில் கேட்டவள் என் கூடப்பிறந்த சரசு அக்கா. மூன்று பனிக்காலத்துக்கு முன். தலைக்குந்தாவில் தனியாக இருக்கிறாள், மூட்டுவலி, அதற்காக மகன் பிரபு பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பிய மிசின், மாட்டியது நான். இப்போதெல்லாம் அவளே கூப்பிட்டுச் சொல்கிறாள்: "உன்ற மிசின் குளிச்சு முடிச்சிருச்சுடா. இனி சாமி கும்பிடப் போயிரும்."

வாங்க வேண்டியது: இன்சுலேஷன் டேப், பேட்டரி, கம்பளிக் காலுறை (இடது மட்டும் கிடைத்தால் போதும்).

ஜனவரி 8, வியாழன்

காலை ஏழேகால். அக்கா பக்கத்து வீட்டுக் கௌரி போன். "அண்ணா, உடனே வாங்க. மிசின் எரிஞ்சு போச்சு. அக்காவுக்குக் கையில பட்டிருச்சு."

போய்ச் சேர்வதற்குள் தீ அணைந்திருந்தது. கௌரிதான் மெயினை அணைத்திருக்கிறாள், மண் அள்ளிப் போட்டிருக்கிறாள். வெளிப்பெட்டி பாதி உருகி, வாய் கோணி நின்றது. ஜன்னல் சட்டம் கரி. திரைச்சீலை பிடித்துக்கொண்டதும் அக்கா கையால் இழுத்திருக்கிறாள். வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொப்புளம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கௌரி என்னிடம் சொன்னது:

"நான் பாத்ரூம் பக்கமிருந்து பாத்தேண்ணா. கருப்பா வந்துச்சு. ஓடிப் போயி, அக்கா புகை வருதுன்னேன். அக்கா சிரிக்குது. 'அது குளிக்குது கௌரி, உடு, டீ குடிச்சுட்டுப் போ'ங்குது. நானும் உக்காந்து பாதி டீ குடிச்சேண்ணா."

பாதி டீ.

ஆஸ்பத்திரியில் காப்பி நன்றாயிருக்காது என்று ஏதோ சொன்னேன்.

ஜனவரி 9, வெள்ளி

வெயில். எரிந்த பெட்டியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து திறந்தேன். உள்ளே எலிக்கூடு. காய்ந்த தைலமர இலை, கேரட் தழை, சாக்கு நார். எலி ஒயரைக் கடித்திருக்கிறது. கடித்த இடம் கருகி, கூட்டில் பற்றி, மேலே ஏறியிருக்கிறது. கூடு நேற்றையது அல்ல. அடியில் இருந்த இலை பொடிப்பொடியாகிவிட்டது. மழைக்காலத்துக் கூடு.

அக்டோபரில் மூடியைத் திறந்திருந்தால் கையில் கிடைத்திருக்கும்.

இனி எழுதப்போவதை இந்த நோட்டுக்கு மட்டும் சொல்கிறேன். பனிக்கு முன் ஒவ்வொரு மிசினையும் திறந்து சுத்தம் செய்து, உள்ளே சுவரில் தொங்கும் சர்வீஸ் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடுவது என் சட்டம். அக்டோபரில் அக்கா வீட்டுக்குப் போனேன். வியாழக்கிழமை. சமைக்கத் தெரியாத பேரரசனுக்கு வியாழன் மதியம் அங்கேதான் சாப்பாடு. அவரைக்காய்க் குழம்பு. வெளியே மழை தூறல். அட்டையைச் சாப்பிடுகிற மேசைக்கே எடுத்து வரச் சொல்லி, இடது கையால் கையெழுத்துப் போட்டேன். "மூடியத் திறக்கலியாடா?" என்றாள். "அக்கா ஊட்டு மிசினுக்கு என்னைக் கண்டா பயம். தானா சுத்தமாயிரும்" என்றேன். சிரித்தாள். இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

ஊரார் வீட்டு மிசினையெல்லாம் திறந்தேன். அக்கா வீடுதானே என்று அதை மட்டும் விட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

பிரபு வந்துவிட்டான். இரண்டு வருடமாக அவளைப் பெங்களூருக்குக் கூப்பிடுகிறான், அவள் அசையவில்லை. கேரட் பாத்தி, கௌரியோடு டீ, வியாழக்கிழமை நான். இந்த மூன்றுக்காக இருந்தாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்தோம், கௌரியும். அக்கா கை முழுக்கக் கட்டு. பிரபு மெதுவாகத்தான் பேசினான். நல்ல பையன். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"மாமா, கௌரி அத்தை சொன்னாங்க. நெருப்புப் பிடிச்சு எரியறப்ப அம்மா 'மிசின் குளிக்குது'ன்னு சொல்லிட்டு டீ குடிச்சிருக்காங்க. குளிக்குதாம் மாமா. எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட அம்மாவுக்கு மறதி இப்படித்தான் ஆரம்பிச்சுதாம்."

அக்கா தேயிலை ஃபேக்டரி ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் லீவு ரிஜிஸ்தர் எழுதியவள். எந்தத் தொழிலாளி எந்த வருடம் எந்தக் காய்ச்சலுக்கு லீவு போட்டான் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வாள். இதில் என் அளப்பு ஏதும் இல்லை.

பிரபு சுவரிலிருந்த அட்டையை எடுத்தான். "அக்டோபர்ல நீங்கதான சர்வீஸ் பண்ணியிருக்கீங்க? மிசின் நல்லாத்தான இருந்துச்சு?"

அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் என்ன சொன்னேன்? அப்படியே எழுதுகிறேன். "சர்வீஸா? மாப்ள, அந்த மிசினுக்கு எண்ணெ தேச்சு, சீயக்காய் போட்டு, சாம்பிராணி காட்டியில்ல உட்டேன்!"

பிரபு சிரித்தான். கௌரி சிரித்தாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜனவரி 13, செவ்வாய்

மேகம். விரல் மடங்கவில்லை. இரண்டு போன், இரண்டும் புகை. வசனத்தைச் சொல்லவில்லை. நேரில் போனேன். இரண்டும் வெறும் நீராவி.

மதியம் பிரபு போன். "அம்மாகிட்டப் பேசிட்டேன் மாமா. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. 'ஆமா கண்ணு, எனக்கும் மறதி வருது'ன்னாங்க. பொங்கல் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறேன். ஊட்ட ஒரு குடும்பம் வாடகைக்குக் கேக்கறாங்க."

அக்காவுக்கு மறதியா! என் சிறுவயதுத் திருட்டுகளைத் தேதிவாரியாக வைத்திருப்பவள்.

சாயங்காலம் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். வாசல் வரை போய், பைக்கை அணைக்காமல் நின்றேன். உள்ளே மூட்டை கட்டும் சத்தம். வளைத்துத் திருப்பி வந்துவிட்டேன். புலியோடு மல்லுக்கட்டியதாக நான் சொல்லாத டீக்கடை இந்த மலையில் இல்லை.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

சொல்லிவிட்டேன்.

பொங்கல் வைத்தது கௌரி. அக்கா இடது கையால் நெய் விட்டாள். இலை போட்டு உட்கார்ந்ததும் எழுந்து நின்றுகொண்டேன், கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி.

"மாப்ள, நான் அக்டோபர்ல மூடியத் தொடவே இல்ல. இதே மேசையில குழம்பு சாப்டுட்டே கையெழுத்துப் போட்டேன். உள்ள எலி கூடு கட்டியிருந்துச்சு. குளிக்குதுன்னு சொல்லிக் குடுத்ததும் நான்தான். ஊர் பூராத்துக்கும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன். உங்கம்மாவுக்கு ஒண்ணுமில்ல. அவ நான் சொன்னத நம்புனா, அவ்வளவுதான்."

பிரபு எழுந்து வந்து தோளில் கை போட்டான். கண் கலங்கியிருந்தது.

"மாமா, அம்மா இங்கயே இருக்கணும்னு நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுவீங்க. எனக்குத் தெரியாதா? ஆறு வயசுல என்னைத் தொட்டபெட்டா மேல கூட்டிட்டுப் போயி, இந்த மலைய நீங்கதான் கோயமுத்தூர்ல இருந்து தள்ளிட்டு வந்ததா சொன்னீங்க. நான் பள்ளிக்கூடத்துல போயிச் சொல்லி அடி வாங்குனேன்."

"இது நெசம்டா."

"அதையும் அப்பிடித்தான் மாமா சொன்னீங்க."

அப்படித்தான் சொல்லியிருந்தேன். அதே குரலில்.

அவன் அக்காவைப் பார்த்துக் கேட்டான். "ஏம்மா, மாமா மூடியத் திறந்தாரா இல்லியா?"

அக்கா இலையில் உப்பைத் தள்ளி வைத்தாள். "திறந்தான்" என்றாள். "அட்டையில கையெழுத்து இருக்குதல்ல."

பாத்திரம் கழுவுகிற இடத்தில் அவளைப் பிடித்தேன். "ஏனக்கா அப்படிச் சொன்னே?"

"நீ ஞாயித்துக்கெழமை சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தேன்டா. அன்னைக்குச் சொல்லியிருந்தீன்னா ஆமான்னு சொல்லியிருப்பேன். நீ சீயக்காய் போட்டே. சரி, தம்பிக்குப் பயம் போலிருக்குதுன்னு, மறதின்னு ஒத்துக்கிட்டேன். இப்ப நான் மாத்திச் சொன்னா, ஒண்ணு நான் பொய்க்காரி, இல்லாட்டி நெசமாவே மறதிக்காரி. எதுன்னு சொல்லட்டும்?"

குழாயை மூடினேன். அவள் மறுபடி திறந்தாள்.

"எனக்கு இருக்கறது அவனும் நீயும்தான். அவன் உன்ன வெறுத்துட்டு இருக்கற ஊட்டுல நான் என்னன்னு இருக்கறது? உடு. குளுருக்கு அந்த ஊரு பரவால்லயாம்."

மறுபடி உட்கார வைத்து இரண்டாவது முறை பாயசம் ஊற்றினாள். குடித்தேன். குடிக்கவும் முடிந்தது, அதுதான் ஆச்சரியம்.

ஜனவரி 18, ஞாயிறு

எட்டு மணிக்குக் கார். பனி இல்லை, மூடுபனி. அக்கா கொண்டுபோனவை: இரண்டு பெட்டி, மூட்டுவலித் தைலம், கேரட் ஒரு சாக்கு (அங்கே கிடைக்காதாம்!), ரிஜிஸ்தர் எழுதிய பழைய மைப்பேனா. விட்டுப் போனவை: மற்றதெல்லாம்.

கௌரி அழுதாள். நான் கார்ப் பின்சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்து, "காத்து கம்மி" என்றேன். காற்று சரியாகத்தான் இருந்தது.

பிரபு கண்ணாடியை இறக்கி, "மாமா, உடம்பப் பாத்துக்குங்க. நீங்க அன்னைக்குச் சொன்னத நான் மறக்க மாட்டேன்" என்றான். நன்றி சொல்கிறான். அக்காவுக்காகப் பொய் சொன்ன நல்லவன் நான் என்று காலத்துக்கும் நினைத்துக்கொண்டிருப்பான்.

கார் போன பிறகு உள்ளே போய் அட்டையை எடுத்தேன். அக்டோபர் வரி. இடது கைக் கோணல் கையெழுத்து. கீழே கட்டை விரல் அளவு மஞ்சள் கறை. குழம்பு. அட்டையோடு ரோடு வரை ஓடினேன். இந்த வயதில், அந்த மேட்டில். கார் எப்போதோ வளைவு தாண்டிவிட்டது. போன் செய்து சொல்லலாம். கறை பொய் சொல்லாது. ஆனால் அக்கா "திறந்தான்" என்று சொன்னதும் பொய்யாகிவிடும்.

அட்டை சட்டைப் பையில்.

ஜனவரி 21, புதன்

உறைபனி, இந்த வருடத்தின் கெட்டியான பனி. ஃபெர்ன்ஹில் பக்கம் ஒரு வீட்டிலிருந்து போன். புகை. போனேன். நீராவிதான். முடிகிற வரை பக்கத்திலேயே நின்றேன், பிறகு மூடியைத் திறந்து பார்த்தேன். வீட்டு அம்மாவுக்கு வருத்தம்.

"ஏனுங்க, குளிக்குதுன்னு தமாஷா சொல்லுவீங்களே. இதுக்குப் போயி இந்தக் குளுருல வந்தீங்களா?"

"பாத்துட்டுப் போலாம்னுங்க."

"ஒடம்பு சரியில்லீங்களா?"

நன்றாயிருக்கிறேன் என்றேன். டீ கொடுத்தார்கள். பாதிதான் இறங்கியது.

ஜனவரி 29, வியாழன்

வெயில். இரண்டு சர்வீஸ், இரண்டும் திறந்து செய்தது. ஸ்க்ரூ டிரைவர் தொலைந்தது, பிறகு பையிலேயே இருந்தது.

மூன்று மணிக்கு அக்கா போன். கைக்கட்டுப் பிரித்துவிட்டார்களாம். எதிர் வீட்டில் கன்னடம் பேசுகிறார்களாம், நல்லவர்களாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு,

"ஏன்டா, இங்கயும் ஒரு மிசின் மாட்டி வெச்சிருக்கறான். நானும் பத்து நாளா பாக்கறேன். ஒரு நாள் கூடக் குளிக்கலடா."

சிரிப்பதற்கு இடம் விட்டாள். எனக்குத் தெரிந்தது.

"அந்த ஊர்ல உறைபனி இல்லக்கா" என்றேன்.

"ஓ" என்றாள். பிறகு, "சாப்டியா?"

"ஆச்சுக்கா."

ஆகவில்லை.