வாழ்த்து அட்டையில் எடுத்துவிட்ட வரி

செவ்வாய்க்கிழமை, இரவு

எங்கள் எச்.ஆர். மேனேஜருக்கு ஆங்கிலம் என்றால் உயிர். தொழிலாளிகளின் பிறந்தநாள் அட்டையில் ஒரு சொல் பிசகக் கூடாது. இன்று அசெம்பிளி லைன் மஞ்சுளாவுக்காக நான் டைப் செய்ததை நான்கு முறை திருப்பி அனுப்பினார். ‘ஹேப்பி’ என்பது மலிவாம், ‘ஜாய்ஃபுல்’ போட வேண்டுமாம். பெரிய மேதை!

கடைசியில், ‘எங்களோடு இன்னும் பல ஆண்டுகள்’ என்று நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார்.

“இத எடுத்துடும்மா. வெள்ளிக்கிழமையோட அந்தப் பொண்ணு கான்ட்ராக்ட் முடியுது, ரினியூ பண்ணல. எழுத்துல பொய் இருக்கக் கூடாது.”

அவள் வேலையைப் பிடுங்கலாம். பொய் மட்டும் கூடாது. த்தூ.

மஞ்சுளாவுக்கு எதுவும் தெரியாது. கேன்டீனில் கேக் வெட்டி, அந்த ஆள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். பிறகு அட்டையோடு என்னிடம் ஓடி வந்தாள்.

“அக்கா, இதுல இன்னா எழுதிக்கீது? தமிழ்ல சொல்லுக்கா, வூட்ல கேப்பாங்க.”

ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். முடிக்கும்போது அவள் முகத்தைப் பார்த்து, எடுத்துவிட்ட வரியையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். வாலாஜாபாத் பஸ் ஏறும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஆக, அவர் யோக்கியர். பொய் சொன்னது நான்.