இரண்டாம் பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? அம்மா சமையலில் உப்பைக் குறைத்தாளா?

நேற்று எங்கள் ஆய்வகத்துக்கு, உங்களைப் போலவே இதயம் பலவீனமான ஒருவரின் ரத்தம் வந்தது. அதிலிருந்த ஒரு புரதத்தின் அளவு, சிறுநீரகம் பழுதாகப்போவதை முன்கூட்டியே காட்டிவிட்டது. மருத்துவரை அழைத்துச் சொன்னேன். "நல்ல நேரத்துல சொன்னீங்கம்மா, மருந்தை மாத்திடலாம்" என்றார். அந்தப் பெருமையோடு நீங்கள் கைபேசியில் அனுப்பிய அறிக்கைகளைத் திறந்தேன். மூன்றிலும் அடியில் ‘பக்கம் 1/2’ என்றிருந்தது; இரண்டாம் பக்கம் ஒன்றுக்குக்கூட இல்லை. சிறுநீரக முடிவு இரண்டாம் பக்கத்தில் வரும் என்று, நாள் முழுக்க இதையே அச்செடுத்துக் கொடுக்கும் எனக்கா தெரியாது?

தம்பியைக் கேட்டேன். "உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாரு அக்கா" என்றான். வீடே சேர்ந்து என் காதில் பூச்சுற்றியிருக்கிறீர்கள்.

உங்கள் பழைய போர்வையைக் கேட்டிருந்தேனே, அது மெதுவாக வரட்டும். அந்த மூன்று பக்கங்களை இன்றே அனுப்புங்கள்.

அடுத்த ரத்த மாதிரிகள் வந்துவிட்டன, போகிறேன். முன்பின் தெரியாதவர்களின் நிலைமையெல்லாம் முதலில் எனக்குத்தான் தெரிகிறது. என் அப்பாவுக்கு மட்டும் நான் மூன்றாம் மனுஷியா?

உங்கள் மகள்